பங்கருக்குள் இருபத்திரண்டு பெட்டிகள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.06.1998, ஞாயிறு.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய குலசிங்கம் அத்தான் அவர்களுக்கு,

கோணேசப் பெருமான் புண்ணியத்தில் இங்கே நானும் இராசமலரும் சுகமாய் இருக்கிறோம். அங்கே வெள்ளவத்தையில் நீங்களும் புஷ்பவதி அக்காவும் மகன் வீட்டில் சுகமாய் இருக்கவும், உங்கள் முழங்கால் நோ குறையவும் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறோம். நீங்கள் என்னை நம்பித் திறப்பைத் தந்துவிட்டுப் போன உங்கள் வீடும் சுகம். கூரை ஒழுகவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாமரம் இந்த வருடம் நன்றாய்க் காய்த்திருக்கிறது. செல்லடிக்குப் பதுங்க வெட்டிய பங்கரைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. பங்கரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். வேறு யாராவது தொலைபேசியில் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாய்ப் பேனையை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

இதில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. வரும் 24ஆம் திகதி புதன்கிழமை என்மேல் ஒரு விசாரணை இருக்கிறது. நீங்கள் சமாதான நீதவான் என்ற முறையில், உங்கள் முத்திரை குத்தி, எனக்கு ஒரு நற்சான்றிதழ் தர வேண்டும். அதன் வாசகத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும்போது அக்கா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வெளிநாட்டுக் கப்பல் இயந்திரம் பழுதாகி எங்கள் துறைமுகத்துக்குள் வந்து படுத்துவிட்டது. அதற்குள் மாலைதீவுக்குப் போக வேண்டிய உறைந்த இறைச்சி இருந்தது. என்ன இறைச்சி என்று கேட்காதீர்கள். ஆடு என்று எழுதினால் பொய், கோழி என்று எழுதினாலும் பொய், மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் 'பொருள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, நானும் பொருள் என்றே எழுதுகிறேன். இந்தப் பொருளைக் கொழும்புக்குத் தரைவழியாகக் கொண்டுபோய் வேறு கப்பலில் ஏற்றுவதென்று முடிவாயிற்று. வெளிநாட்டு இறைச்சி எங்கள் நாட்டு மண்ணைக் கடந்து போவதென்றால் இலேசான காரியம் இல்லை அத்தான். மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் வரும் கால்வாய் நோய் எங்களிடமும் உண்டு, ஆனால் வெளியிலிருந்து வருவது எங்கள் ஊசிக்கு அடங்காத வேறு வகையாய் இருந்துவிட்டால் தம்பலகாமத்திலிருந்து கந்தளாய் வரை ஒரு மாடு எழும்பாது. அதற்காகவே பதினான்கு பந்தியில் ஒரு சுற்றுநிருபம் இருக்கிறது. வண்டியின் கதவைக் கம்பியால் கட்டி ஈயமுத்திரை வைக்க வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் றைவருக்குப் பக்கத்தில் இருந்து போக வேண்டும். உருகும் நீர் வீதியில் சொட்டக்கூடாது. மாடு நிற்கும் இடத்திலிருந்து நூறு யார் தூரத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது. பதினோராம் பந்திதான் முக்கியம்: வழியில் எந்தக் காரணத்தாலாவது முத்திரை உடைந்தால் பொருள் முழுவதையும் ஆறடி ஆழத்தில், சுண்ணாம்பு போட்டு, உத்தியோகத்தரின் கண்முன்னால் புதைக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு அந்தக் குழியைத் திறக்கவும் கூடாது. இந்தச் சுற்றுநிருபத்தை எங்கள் கால்நடைக் கந்தோரில் மனப்பாடமாய்ச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அதனால் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று பெரிதாய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

பெரிய லொறிகள் இரண்டும் முதல் நாளே வேறு உத்தியோகத்தரோடு பிசகில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டன. எஞ்சிய இருபத்திரண்டு பெட்டிகளை ஒரு சிறிய குளிர்ப்பெட்டி வானில் ஏற்றி என்னிடம் தந்தார்கள். றைவர் மைக்கல், உப்புவெளிக்காரன், அமைதியான ஆள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, இராசமலர் கட்டித்தந்த புட்டையும் முருங்கைக்காய்க் கறியையும் மடியில் வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். எங்கள் ஊர் மாடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அவை வீதியை விட்டால் வேறு இடத்தில் படுக்காது. நூறு யார் விதியைக் காப்பாற்றுவதற்காக நான் வானை விட்டு இறங்கி, முன்னால் நடந்து, குடையால் மாடு கலைத்துக்கொண்டே போனேன். மைக்கல் பின்னால் ஊர்ந்து வந்தான். ஒன்றரை மைல் இப்படி நடந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். முப்பத்தொரு வருட சேவையில் மாட்டுக்காக நான் பட்ட அவமானங்களில் இது சிறியது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது காலை ஒன்பது மணி, மிச்சப் பகல் முழுவதும் கிடந்தது.

சீனன்குடாச் சந்தி தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. அங்கே கடமையில் இருந்தவர் ஒரு கோப்ரல், ஐம்பது வயதிருக்கும், முரட்டு மனிதர். வானைத் திறக்கச் சொன்னார். நான் சுற்றுநிருபத்தை எடுத்து மூன்றாம் பந்தியையும் பதினோராம் பந்தியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. இரண்டு முறை மறுத்தேன். கால்நடைகளின் நலன், நாட்டின் நலன் என்று எடுத்துரைத்தேன். மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தியதும், வேறு வழியில்லாமல், எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே முத்திரையை உடைத்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்: 'பாதுகாப்புப் பிரிவினரின் பணிப்பின் பேரில் திறக்கப்பட்டது.' மைக்கலிடம் ஒரு சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். "நான் ஒண்டும் பாக்கேல்ல ஐயா. கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டனான்" என்றான். அவன் அப்படித்தான், வம்பு தும்புக்குப் போகமாட்டான்.

முத்திரை உடைந்தது உடைந்ததுதான். பொருளைப் புதைக்க வேண்டும். வானில் மண்வெட்டி இருந்தது. நான் வீதியோரம் நல்ல இடமாய்ப் பார்த்து முதல் வெட்டு வெட்டினேன். இரண்டாவது வெட்டுக்கு முன் மூன்று திசையிலிருந்தும் விசில் கேட்டது. இந்தக் காலத்தில் வீதியோரத்தில் ஒருவன் குழி தோண்டினால் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். சுற்றுநிருபம் எழுதியவரும் யோசித்திருக்க வேண்டும். தோண்டுவதென்றால் முகாமில் ஒரு கடிதம், பொலிசில் ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்க மூன்று நாள். பொருளுக்கு மூன்று மணித்தியாலம்கூட இல்லை. வானின் குளிர்ப்பெட்டி ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தது. கதவிடுக்கால் சொட்டத் தொடங்கிவிட்டது. நான் பின்னால் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, மைக்கல் வானை நகரத்துக்குத் திருப்பினான். வாளியில் விழுந்ததைவிட என்மேல் விழுந்ததுதான் கூட. எங்களுக்குப் பின்னால் நாய்கள் வந்தன. சந்தியில் நாலு, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பதினொன்று.

அந்த ஏற்றத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏழடி ஆழம், பத்தடி நீளம், ஏற்கெனவே தோண்டியது, யாரிடமும் அனுமதி எடுக்கத் தேவையில்லாதது, மதில் சுற்றியது, என் கையில் திறப்பு இருப்பது. தொண்ணூறாம் ஆண்டு நீங்கள் நாலு கூலியாட்களை வைத்துப் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, "சோமு, இதுக்குள்ள இருந்தா இடி விழுந்தாலும் தெரியாது" என்று எனக்கு இறங்கிக் காட்டினீர்களே, அந்தப் பங்கர். அத்தான், எட்டு வருடமாக உங்களையும் அக்காவையும் பக்கத்து வீட்டு ஞானமலர் ரீச்சரையும் காப்பாற்றிய இடம் அது. நான் அந்த நேரம் அதை ஒரு குழியாகத்தான் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாய் இருக்கிறது.

பிள்ளையாரை நான் முதலில் வெளியே எடுத்துவிட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். மாடத்தில் நீங்கள் வைத்திருந்த படத்தைத் துடைத்து, கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டு, எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். இராசமலர் தினமும் பூ வைக்கிறாள், என்னோடுதான் கதைப்பதில்லை. அதன்பிறகு நானும் மைக்கலும் இருபத்திரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாய் இறக்கினோம். பிறந்த நாள் முதல் முட்டை மணம் பிடிக்காத நான், ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் பங்கர்ப் படியில் இறங்கினேன். இருபத்திரண்டு முறை. சட்டையை எரித்துவிட்டேன்.

அடுத்தது சுண்ணாம்பு. கட்டடச் சாமான் கடையில் சுண்ணாம்பு மூட்டை கேட்டால், எதற்கு என்று கடிதம் கொண்டுவா என்றார்கள். கடிதம் எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே நகரத்தில் உள்ள வெற்றிலைக் கடை எல்லாவற்றுக்கும் போய், வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை டப்பா டப்பாவாக வாங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், "என்ன ஐயா, கலியாண வீடா, செத்த வீடா?" நான் "அடக்கம்" என்றேன். அவர் முகத்தைச் சோகமாய் வைத்துக்கொண்டு ஒரு டப்பா சும்மா தந்தார். அதையும் வாங்கினேன். சுற்றுநிருபத்தில் எந்தச் சுண்ணாம்பு என்று குறிப்பிடப்படவில்லை. இரண்டு பேருமாகக் கரண்டியால் வழித்து வழித்துப் பூசி, மேலே மண்ணைப் போட்டு மூடினோம். மைக்கலுக்கு இரண்டு நாள் கைத்தோல் உரிந்தது. கடைசி டப்பாவில் பாதி மிஞ்சியது. அதை மண்மூட்டைக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். இந்தப் பாதி டப்பாவை நினைவில் வைத்திருங்கள்.

மறுநாள் பின்னேரம் நாலு மணியிருக்கும், துறைமுகப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். பிறகு இரண்டு, மூன்று. அது கடற்படையின் பயிற்சிச் சூடு என்று பின்னர்தான் தெரிந்தது. நான் உங்கள் வீட்டுக்கு ஓடிப்போனபோது ஞானமலர் ரீச்சர் கைப்பையையும் செபமாலையையும் மருந்துப் போத்தலையும் பிடித்துக்கொண்டு பங்கர் வாசலில் நின்றா. வாசல் இருக்கவில்லை, மண்தான் இருந்தது. அறுபத்தெட்டு வயது, உங்களுக்குத் தெரியும், ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"தம்பி சோமசேகரம், உள்ளுக்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்ல ரீச்சர். பொருள் வச்சிருக்கு."

"என்ன பொருள்?"

நான் சொன்னேன். இன்னொரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மாமரத்தடியில் குனிந்தோம்.

"அது பத்திரமா உள்ளுக்க இருக்கு" என்றா. "நாங்கள் வெளியில நிக்கிறம்."

ரீச்சர் அதைக் கோபமாய்ச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கணக்குப் பாடத்தில் விடையைச் சரிபார்ப்பதுபோலத்தான் சொன்னா. புதுப் பங்கர் ஒன்று நானே வெட்டித் தருகிறேன் என்று அந்த இடத்திலேயே சத்தியம் பண்ணினேன். கூலியாள் வைக்க மாட்டேன், அது தண்டனை இல்லை. உங்கள் வளவுக்குள், முருங்கைக்குப் பக்கத்தில், தினமும் கந்தோர் முடிந்துவந்து வெட்டுகிறேன். இப்போது இடுப்பளவு வந்துவிட்டது. ரீச்சர் பின்னேரத்தில் கதிரை கொண்டுவந்து போட்டு இருந்து பார்க்கிறா. "இன்னும் காணாது தம்பி" என்பதைத் தவிர வேறு கதை இல்லை.

இனித்தான் அந்தப் பாதி டப்பா. ரீச்சரின் பசு ரோஸி உங்கள் வளவுக்குள் மேய்வது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அனுமதி கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் காலை ரீச்சர் வந்து, "ரோஸி வாயால வடிக்குது, ஒண்டும் தின்னேல்ல" என்றா. போய்ப் பார்த்தேன். வாயில் நுரை, நாக்கில் வெள்ளையாய்க் கொப்புளம். அத்தான், எந்த நோய் இந்த மண்ணுக்குள் வரக்கூடாதென்று முப்பத்தொரு வருடம் ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னேனோ, அதை நானே நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். கந்தளாய் வயல்களில் மாடுகள் சரிந்து கிடப்பது கண்முன்னால் தெரிந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இராசமலரின் உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் குறுக்கே கட்டி, 'தடைசெய்யப்பட்ட வலயம், உட்செல்ல வேண்டாம்' என்று மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு பலகையைக் கண்டால் மாட்டு நோய் என்று யாருக்கு நினைப்பு வரும்? அரை மணித்தியாலத்தில் இராணுவம் வந்து, ஒழுங்கை முழுவதையும் காலிபண்ணி, மண்ணுக்குள் என்ன புதைத்திருக்கிறது என்று என்னிடம் கேட்டது. உண்மையைச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. மணத்தைப் பிடித்துப் பார்த்த பிறகு நம்பினார்கள்.

அவர்கள் போன கையோடு கயிற்றுக்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். கிண்ணியா ஸெய்னுதீன், இறைச்சிக்கடைக்காரர். உங்களுக்கு நினைவிருக்கும், இரண்டு வருடத்துக்கு முன் அவர் மகளின் கலியாணத்துக்குக் கொண்டுவந்த மூன்று ஆடுகளையும், அனுமதிச்சீட்டின் திகதி ஒரு நாள் பிந்தியது என்று, இறங்குதுறையில் வைத்தே திருப்பி அனுப்பினேன். அதைப் பெருமையாய் உங்களுக்கு எழுதியும் இருந்தேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்கவில்லை, அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஊரெல்லாம் உங்கட கதைதான் சேர்" என்றார். "மாட்டப் பாக்கலாமா?"

ரோஸியின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். மற்றக் காலையும் பார்த்தார். வாயைத் திறந்து நாக்கை வெளியே இழுத்து, விரலால் தொட்டு, அந்த விரலைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"குளம்பு நல்லாயிருக்கு. இது சுண்ணாம்பு சேர்."

மண்மூட்டைக்கு மேல் டப்பா கவிழ்ந்து கிடந்தது, நக்கித் துடைத்தபடி. நான் குளம்பைப் பார்க்கவில்லை அத்தான். கால்வாய் நோயென்றால் காலையும் பார்க்க வேண்டும் என்பது முதல் வருடத்தில் படிப்பிப்பது. ஸெய்னுதீன் தண்ணீர் விட்டு வாயைக் கழுவி, நல்லெண்ணெய் பூசினார். "முப்பது வருசமா மாட்டோட இருக்கிறீங்க, அதான் அதுக்கும் வெற்றில போடுற பழக்கம் வந்துட்டு" என்று சிரித்தார். ரீச்சரும் சிரித்தா. ஆடுகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாய் இருந்திருக்கும். ரோஸி இப்போது நன்றாய்த் தின்கிறது. பாலும் பழையபடி கறக்கிறது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 'பாதுகாப்புப் பிரிவினரின் பணிப்பின் பேரில்' என்று ஒருவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எத்தனை வருடமாய் எல்லாக் கந்தோரிலும் எல்லாக் கோப்பிலும் இதுதான் வழக்கம். காணாமற்போன தட்டெழுத்துப் பொறியிலிருந்து முடிக்காத மதில் வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வசனம் போதும். ஆனால் இந்த முறை பொருளுக்குரியவர்கள் மேலிடத்துக்கு முறையிட்டு, மேலிடம் இராணுவத்துக்கு எழுதி, இராணுவம் அந்தக் கோப்ரலைக் கடமையிலிருந்து நிறுத்தி, புதன்கிழமை இரண்டு தரப்பும் இருக்க ஒரு விசாரணை என்று கடிதம் வந்திருக்கிறது. அங்கே அவர் ஒன்றைச் சொல்வார், நான் ஒன்றைச் சொல்வேன். அவர் இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெற இருப்பவராம், பென்சன் போகலாம் என்று எங்கள் கந்தோரில் கதைக்கிறார்கள். எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஆகவே, நான் சொல்வதுதான் எடுபட வேண்டும் என்பதற்காக, பின்வரும் வாசகத்தை உங்கள் கடிதத்தலைப்பில் எழுதிக் கையெழுத்திட்டு, விசாரணைக்கு முன் கிடைக்கும்படி அவசரத் தபாலில் அனுப்பிவைக்க வேண்டும்:

'திரு. சோமசேகரம் அவர்களை முப்பது வருடங்களாக நான் நேரில் அறிவேன். அவர் சட்டத்தை மீறாதவர், எந்தச் சூழ்நிலையிலும் உண்மையையே பேசுபவர். அவருடைய கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என உறுதியளிக்கிறேன்.'

பங்கரில் பொருளைப் புதைக்க நீங்கள் முன்கூட்டியே சம்மதித்ததாக ஒரு வரியும் சேர்த்தால் நல்லது. திகதியை மே மாதத்தில் போடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மாங்காய் பழுத்ததும் அனுப்பிவைக்கிறேன், அந்த மரம் பங்கரிலிருந்து இருபது யார் தள்ளித்தான் இருக்கிறது என்று அக்காவுக்குச் சொல்லுங்கள். மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. கோணேசர் எல்லாரையும் காக்கட்டும், பிள்ளையார் அலுமாரியின் மேலிருந்து என்னை மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
சோ. சோமசேகரம்

பி.கு.: திங்கட்கிழமை காலை பத்தரை. இதைத் தபாற்கந்தோர் மரவாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். நேற்று ஒட்டி முத்திரையும் ஒட்டிவைத்த உறையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தேன். வாசலுக்கு முன்னால் உள்ள சென்றிக் காவலரணில் நின்ற சிப்பாய் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். நான் சைக்கிளை விட்டு இறங்கி, குடையை விரித்துக் காட்டி, பையைக் கவிழ்த்து, அடையாள அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இந்த உறையை நடுவால் கிழித்துக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் மணி என்ன என்று கேட்க வந்தவர். கடிதத்தை வாங்கவில்லை. "வேணாம் ஐயா, ஒட்டுங்க" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான், சீனன்குடாவில் நடந்ததும் இதுதான்.

கோப்ரல் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வான் நின்றது. அவர் சட்டைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் குதித்து இறங்கி, கத்தியால் கம்பியை அறுத்து, இரண்டு கதவையும் திறந்து, ஒரு பெட்டியின் மூடியையும் கழற்றி, என் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து தரையில் வைத்து, கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் தேடி எடுத்தது ஒரு கடதாசி. இந்த வானைத் திறக்காமல் போக விட வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து வந்த கட்டளை. அவர் முரட்டு மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. அந்தக் கடதாசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஐயா, ஏன் திறந்தது? நான் கேக்க இல்லயே" என்றார். பிறகு எனக்குத் தண்ணீர் தந்தார். அறுந்த கம்பியை இரண்டு பேருமாய்க் குந்தியிருந்து திரும்ப முறுக்கிப் பார்த்தோம். ஈயம் ஒட்டவில்லை. சுற்றுநிருபத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, அது என் பைக்குள்ளேயே இருந்தது. மைக்கல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தது என்னைப் பார்க்க மனமில்லாமல்தான்.

பயந்து திறந்தேன் என்றுகூடச் சொல்ல ஏலாது. பயம் என்று ஒன்றும் தோன்றவில்லை, கை தானாகப் போயிற்று. அதைப் போய் அறிக்கையில் எப்படி எழுதுவது என்று வெட்கப்பட்டு, எல்லாரும் எழுதும் அந்த ஒரு வசனத்தை எழுதினேன். அந்த வசனத்துக்குள் ஒரு மனிதர் இருப்பார் என்று நினைக்கவில்லை.

ஆகவே நற்சான்றிதழ் அனுப்ப வேண்டாம். புதன்கிழமை நான் போய் இதைச் சொல்லப் போகிறேன். என் பென்சனுக்கு என்ன வந்தாலும் புதுப் பங்கரை முடித்து ரீச்சரிடம் கொடுப்பேன். பழையது அடுத்த வருடம் வரை திறக்கப்படாது.

உறையைக் கண்டு அக்கா பயப்படுவா. வழியில் ஒருவரும் உடைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். நான்தான் கிழித்தேன், யாரும் கேட்கவில்லை.